தங்கச்சிமடத்துக்கு ஒரு கணினி

2025 ஜூன் மாதம், 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குத் திரும்பிய வாரத்தில், ராமேசுவரம் தீவில், தங்கச்சிமடத்தில் இருக்கும் என் அக்கா மகள் தொலைபேசியில் அழைத்து, "மாமா, 40,000 ரூபாய்க்குள்ள ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டாள். ராமநாதபுரத்துக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கணினி அறிவியலில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. பணம் அக்கா சீட்டுப் போட்டுச் சேர்த்தது. படகு கரையில் கிடந்து வீட்டுக்கு வருமானமில்லாத அந்த இரண்டு மாதமும் அவள் அதைத் தொடாமல் வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அதே வீட்டுக்கு, அதே மேசைக்கு, நான் ஏற்கெனவே ஒரு கணினி சேர்த்துக் கொடுத்திருந்தேன். அது இரண்டரை ஆண்டுகூட ஓடவில்லை. அது கெட்டதற்குக் காரணம் நான் தேர்ந்தெடுத்த பொருள்கள்தான்.

2021 ஜூலையில், பள்ளிகள் மூடிக் கிடந்து வகுப்புகள் எல்லாம் கைப்பேசித் திரைக்குள் நடந்துகொண்டிருந்தபோது, அவள் அண்ணனுக்காகச் சேர்த்த கணினி அது. இணையத்தில் கிடைத்த குறைந்த செலவுப் பட்டியல்களை அப்போது நான் அப்படியே நம்பினேன். அவை எல்லாவற்றுக்கும் ஒரே முகம்: கணக்குகளைச் செய்யும் பிராசசரும் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டும் உச்சியில், பணத்தில் பாதிக்கு மேல் அவற்றுக்கே, எல்லாவற்றையும் அடைக்கும் கேபினட்டும், சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் அடியில், மிஞ்சிய காசுக்கு ஏதோ ஒன்று. நானும் அந்த வரிசையிலேயே வாங்கினேன். தனக்குள் கிராபிக்ஸ் இல்லாத ஐ3-10100எஃப் பிராசசர். அதற்குப் படம் காட்டுவதற்கென்று, யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு. பக்கவாட்டில் கண்ணாடியும் முன்னால் மூன்று வண்ண விளக்கு விசிறிகளும் வைத்த கேபினட். எஸ்எம்பிஎஸ் அந்தக் கேபினட்டுடனேயே வந்தது. அதன் மேல் 450 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்ததைப் பார்த்து, இந்தப் பொருள்களுக்கு இது தாராளம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் ஆண்டு குறை ஒன்றும் இல்லை. இரண்டாம் ஆண்டில் மாலை ஏழு மணிக்கு மேல் கணினி தானாக அணைந்து மறுபடி எழும்பத் தொடங்கியது. பகலில் ஒருபோதும் அப்படி நடக்கவில்லை. வெறுங்காலோடு நின்று கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இழுக்கிறது என்று மருமகன் சொன்னான். தற்காலிக நினைவகமான ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுமுனைகளை ரப்பரால் துடைத்துச் செருகினால் இரண்டு மாதம் ஓடும். பிறகு திரும்பவும் பீப் ஒலி எழுப்பிக்கொண்டு கறுப்புத் திரையோடு நிற்கும். ஒவ்வொரு முறையும் நான் இதை ஒரு தனி நோயாக எண்ணி, தனி மருந்து கொடுத்தேன். விண்டோஸைத் திரும்ப ஏற்றினேன், ரேமை மாற்றினேன், கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தூசி தட்டினேன். 2023 நவம்பரில், வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து நான்கு நாள் அடித்து ஓய்ந்த பிறகு, பொத்தானை அழுத்தியும் அது எழவில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ஒட்டியிருந்த தாள்

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு பழுதுபார்க்கும் கடை இருக்கிறது. அறுபது வயதைக் கடந்த பாய் ஒருவர், வானொலிப் பெட்டிகள் பழுதுபார்த்த காலத்திலிருந்து அந்தத் தொழிலில் இருப்பவர். கேபினட்டைச் சாக்கில் கட்டிப் பேருந்தில் எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடிப் பலகையைக் கழற்றினார், எல்லாப் பொருள்களும் செருகியிருக்கும் பலகையான மதர்போர்டைத் தொடவில்லை. முதலில் எஸ்எம்பிஎஸ்ஸின் நான்கு திருகுகளைக் கழற்றி, அதை வெளியே எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு என் கையில் கொடுத்து, "எடையைப் பாருங்க தம்பி" என்றார். அலமாரியில் இருந்த இன்னொன்றை எடுத்து என் மறுகையில் வைத்தார். இரண்டும் ஒரே அளவு. அலமாரியில் இருந்ததன் எடையில் பாதிகூட என்னுடையது இல்லை. மின்தேக்கியும் செப்புக் கம்பிச் சுருளும் வெப்பத்தை வாங்கும் அலுமினியமும் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தது.

அதன் பிறகு அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, அதன் மேல் ஒட்டியிருந்த தாளில் ஒரு கட்டத்தை விரலால் காட்டினார். 450 வாட் என்ற பெரிய எழுத்துக்குக் கீழே, எறும்பளவு எழுத்தில், 12 வோல்ட் மின்சாரம் வெளியே தரும் வரிசையில் 14 ஆம்பியர் என்று இருந்தது. "பெருக்குங்க" என்றார். 168 வாட். இன்றைய கணினியில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தமக்கு வேண்டிய மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் அந்த 12 வோல்ட் வரிசையிலிருந்துதான் எடுக்கின்றன. 5 வோல்ட், 3.3 வோல்ட் வரிசைகளில் எவ்வளவு எழுதிக் கூட்டினாலும் அவற்றுக்குப் பயனில்லை. பிராசசருக்கு 65 வாட், கார்டுக்கு 75 வாட், அதற்குமேல் விசிறிகளும் வட்டும். பிராசசர் சற்று நேரம் முழு வேகத்தில் ஓடும்போது அந்த 65-ஐயும் தாண்டும். எழுதியிருக்கிற 168 உண்மையாகவே இருந்தாலும், அந்தப் பெட்டி இரண்டு ஆண்டுகளாகத் தன் எல்லையில் மூச்சிரைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

அதே தாளில் இன்னொரு வரியும் இருந்தது: உள்வரும் மின்னழுத்தம் 200 முதல் 240 வோல்ட். நான் பேசாமல் நின்றேன். அக்கா வீடு மின்கம்பி வரிசையின் கடைசியில் இருப்பது. மாலையில் எல்லா வீட்டு விளக்கும் விசிறியும் ஓடும் நேரத்தில் அங்கே மல்டிமீட்டரை வைத்து நானே 172 வோல்ட் அளந்திருக்கிறேன். மாலை ஏழு மணிக்கு மேல் மட்டும் அது அணைந்ததன் காரணம் இரண்டு ஆண்டுகளாக அந்தத் தாளில் எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை. நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று இருக்கும். அது உள்ளே வரும் மின்சாரத்தை முதலில் ஏறக்குறைய 380 வோல்ட் நேர்மின்னோட்டமாக உயர்த்திக்கொண்டு, அதிலிருந்து வேண்டியதை இறக்கிக் கொடுக்கிறது. அதனால் முழு வீச்சு கொண்ட பெட்டி, சுவரில் 100 வோல்ட் வந்தாலும் 240 வந்தாலும் பொருட்படுத்தாமல் ஓடும். தாளில் 100 – 240 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். அதைப் பார்ப்பதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாகத்தான் மதர்போர்டை வெளியே எடுத்தார். முன்விசிறிகளின் நேர் எதிரே, ரேம் செருகும் இடத்தைச் சுற்றி, பலகையின் மேல் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. வீட்டில் செப்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்காமல் விட்டால் படியும் அதே களிம்பு. ஒரு மின்தேக்கியின் காலடியில் வெள்ளையாக உப்புப் பூத்து, அதன் மேல் தூசி ஒட்டிக் கட்டியாகியிருந்தது. "விசிறி வச்சு உப்ப உள்ள இழுத்திருக்கீங்க" என்றார் பாய். அவர் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. ஆனால் பட்டியலின் உச்சியில் இருந்தவற்றையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அதை அடியிலிருந்து மேலாகப் படித்திருக்க வேண்டும் என்று அந்த மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.

ஓடுகிற இயந்திரமும் கட்டிப்போட்ட இயந்திரமும்

இந்தக் கரையில் உப்பைப் பற்றி யாரும் யாருக்கும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. உலோகத்தை அரிக்கும் காற்றை ஆராய்வதற்கென்றே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம் முகாமில் ஒரு பிரிவு வைத்திருக்கிறது. 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தின் இரும்புக்கு ஓயாமல் வண்ணம் பூசிக்கொண்டே இருந்ததை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்துக்குத் துருவேறாத எஃகுக் கம்பிகளும் தனிப் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய இரும்புக்கே அப்படி ஒரு காவல் தேவைப்படுகிற ஊரில், 35 மைக்ரான் தடிமனுள்ள செப்புத் தடங்களும் ஒரு மைக்ரானுக்கும் குறைவான பொன் பூச்சும் கொண்ட ஒரு பலகையை, கடலைப் பார்த்த சன்னலுக்குக் கீழே மூன்று விசிறியோடு நான் வைத்திருக்கிறேன்.

உப்பு தானாக எதையும் அரிப்பதில்லை, ஈரம் வேண்டும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சோற்றுப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்து நீர்மமாகிவிடும். உப்பு ஜாடியின் மூடியைத் திறந்து வைத்த எவரும் இதைக் கண்டிருப்பார்கள். மதர்போர்டில் படிந்த உப்புத் தூசியும் அதேபோல இரவில் நீர்த்து, மின்சாரம் கடத்தும் மெல்லிய படலமாகிவிடுகிறது. பகலில் காய்ந்து திரும்ப உப்பாகிறது. தீவின் காற்றில் ஈரப்பதம் அந்த 75-ஐத் தாண்டாத இரவு அரிது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் இதிலிருந்து என்ன செய்ய வேண்டும் என்பதை எனக்குச் சொன்னவர் அக்காவின் கணவர். புதுக் கணினிக்குப் பாதுகாப்பாக ஒரு நெகிழி உறை தைத்து, தேர்வு நாள்களில் மட்டும் எடுத்துப் பயன்படுத்தலாமா என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த மச்சான் தலையை நிமிர்த்தாமலே, "ஓடுற இஞ்சின் துருப்பிடிக்காது மாப்ளே. தடைக்காலத்துல கட்டிப்போட்ட இஞ்சின்தான் துருப்பிடிக்கும்" என்றார். அவர் படகின் ஜிபிஎஸ் கருவியும் ஆழமறியும் எக்கோ சவுண்டரும் நாள்தோறும் உப்புநீர் தெறிக்கும் இடத்தில்தான் இருக்கின்றன. கடலுக்குப் போகாத நாள்களில்கூட அவற்றைச் சற்று நேரம் ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் கிரீஸ் தடவிவிட்டு வருவது அவர் வழக்கம். கணினிக்கும் அதுவே பொருந்தும். ஓடும்போது கேபினட்டுக்குள் வெப்பம் வெளியைவிடச் சில பாகை கூடுதலாக இருக்கும்; காற்று சூடானால் அதன் ஒப்பு ஈரப்பதம் இறங்கும்; உப்பு காய்ந்தே கிடக்கும். நாள்தோறும் சில மணி நேரம் ஓடும் கணினியைவிட, உறை போட்டு மூன்று வாரம் மூடி வைத்த கணினிக்கே இங்கே ஆபத்து அதிகம். நெகிழி உறை ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். அக்காவிடம் பழைய பருத்தி வேட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அணைத்து, சூடு தணிந்த பிறகு மேலே போடுவதற்கு அது போதும்.

அடியிலிருந்து மேலாக

அதனால் இந்த முறை பட்டியலை எஸ்எம்பிஎஸ்ஸில் தொடங்கினேன். 450 வாட், மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் வெண்கலச் (Bronze) சான்று, 100 – 240 வோல்ட், 12 வோல்ட் வரிசையில் மட்டும் 400 வாட்டுக்கு மேல், ஐந்தாண்டு உத்தரவாதம். விலை ஏறக்குறைய 3,500 ரூபாய். கேபினட்டோடு வருவதை விட்டுவிட்டுத் தனியாக இவ்வளவு கொடுக்க வேண்டுமா என்று மருமகன் கேட்டான். பழைய பெட்டியின் தாளை நான் கிழித்துப் பணப்பையில் வைத்திருந்தேன், அதை எடுத்துக் காட்டினேன்.

அடுத்தது பிராசசர். இங்கேதான் நகரத்துப் பட்டியல்களோடு எனக்கு முழு வேறுபாடு. தனி கிராபிக்ஸ் கார்டு என்றால் அதற்குக் கூடுதல் மின்சாரம், கூடுதல் வெப்பம், அதை வெளியேற்றக் கூடுதல் விசிறி. கூடுதல் விசிறி என்றால் கூடுதல் கடற்காற்று. உள்ளே பாயும் காற்று எவ்வளவோ அவ்வளவு உப்பு. எனவே தனக்குள்ளேயே கிராபிக்ஸ் கொண்ட, 65 வாட்டுக்குள் அடங்கும் ரைசன் 5 5600ஜி-யைத் தேர்ந்தேன். ஆறு கோர், பன்னிரண்டு திரெட். நிரல் எழுதவும் தரவுத்தளம் ஓட்டவும் வகுப்புக் காணொளி பார்க்கவும் மிச்சமே இருக்கும். 2021-இல் வந்த பிராசசர் இது, இது பொருந்தும் ஏஎம்4 வகை மதர்போர்டுகள் இன்னும் பழைய தலைமுறை, புதிய வகையான டிடிஆர்5 ரேம் இதில் ஏறாது என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஏஎம்4 இத்தனை ஆண்டுகளாக எங்கும் விற்ற வகை. நாளை இந்த மதர்போர்டு களிம்பேறிப் போனாலும் மதுரையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ பழையதொன்று கிடைக்கும். கடலோரத்தில் ஒரு பொருளை வாங்கும்போது அதற்கு மாற்று எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கிறது. மடிக்கணினி வேண்டாம் என்று நான் சொன்னதற்கும் இதுவே காரணம். அதற்குள்ளேயே பேட்டரி இருப்பது பெரிய வசதிதான். ஆனால் அதில் ஒரு மூலை அரித்தால் பெரும்பாலும் முழுப் பலகையும் போகிறது.

ரேம் மட்டும் சற்று யோசிக்க வைத்தது. 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்கினால் காற்றுக்குத் திறந்திருக்கும் தொடுமுனைகள் பாதியாகக் குறையும். ஆனால் தனி கார்டு இல்லாத கணினியில் கிராபிக்ஸ் தன் நினைவகத்தையும் ரேமிலிருந்தே கடன் வாங்குகிறது. எட்டு ஜிபி குச்சிகள் இரண்டாக, தரவு ஒரே நேரத்தில் இரு வழியாகப் போகும் இரட்டை வாய்க்காலில் போட்டால்தான் அதன் உண்மையான வேகம் வெளிப்படும். இரண்டாகவே போட்டேன். செருகுவதற்கு முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்தேன். ரப்பரால் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு தேய்ப்பிலும் அந்த மெல்லிய பொன்னும் கொஞ்சம் போகிறது, பொன் போன இடத்தில் உப்புக்கு வாசல் திறக்கிறது. வட்டுக்குப் பதில் 500 ஜிபி என்விஎம்இ என்ற சில்லுச் சேமிப்பகம்: மதர்போர்டிலேயே படுத்துக்கொள்ளும், இரண்டு கேபிள்களும் நான்கு முனைகளும் மிச்சம். கேபினட் கண்ணாடி இல்லாத இரும்புப் பெட்டி, முன்னால் கழுவி மாட்டக்கூடிய வலை, பின்னால் ஒரே ஒரு விசிறி. மருமகளுக்கு வண்ண விளக்கு இல்லாதது சிறிது வருத்தம்தான்.

மிச்சப் பணத்தில், மின்சாரம் போனால் சற்று நேரம் தாங்கும் 600 விஏ யுபிஎஸ் ஒன்று. 600 என்பதை வாட் என்று எண்ணிக்கொள்பவர்கள் உண்டு. இத்தகைய பெட்டிகள் தருவது பொதுவாக 360 வாட்தான். இந்தக் கணினியும் திரையும் சேர்ந்து சாதாரண வேலையில் 60 வாட் அளவில் நிற்பதால் அது நிறையவே போதும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று அக்கா கேட்டாள். மின்சாரம் போகும் கணத்திலிருந்து மாற்று வருவதற்குள் ஒரு எஸ்எம்பிஎஸ் தன் மின்தேக்கியில் சேர்த்துவைத்ததைக் கொண்டு தாங்கும் நேரம் 16, 17 மில்லிவினாடிதான். விளக்கு விசிறிக்கென்று அமைத்த இன்வெர்ட்டர் பல நேரம் அதைவிடத் தாமதமாகத்தான் மாறுகிறது. விளக்கு இமைப்பது நம் கண்ணுக்கே தெரியும், கணினி அதற்குள் அணைந்துவிடும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்குச் சுமார் 22 யூனிட் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். நூறு யூனிட் இலவசத்தில் எவ்வளவு போகும் என்பதுதான் அக்காவின் உண்மையான கவலை.

விரலில் சுருக்கென்று இழுத்த அந்த மின்சாரத்துக்கும் இந்த முறை விடை தேடினேன். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள், மின்கம்பியின் இரைச்சலை வடிப்பதற்காக, இரண்டு கம்பிகளிலிருந்தும் உலோக உடலுக்குச் சிறு மின்தேக்கிகள் வைத்திருப்பார்கள். எர்த் கம்பி இருந்தால் அவற்றின் வழியே கசியும் மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும். இல்லையென்றால் கேபினட் முழுவதும் ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். ஓட்டம் மிகச் சிறிது என்பதால் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் தொடும்போதெல்லாம் இழுக்கும். மூன்று துளை பிளக் சுவரில் இருந்தது. மூன்றாம் துளைக்குப் பின்னால் கம்பி இல்லை. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, வீட்டின் கிணற்றடியில் ஈரமணல் வரும் ஆழம் வரை குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, கம்பி இழுத்தோம். அரைநாள் வேலை. கணினி வாங்கும் செலவுக் கணக்கில் இதை யாரும் எழுதுவதில்லை, நான் எழுதினேன்.

எந்த மென்பொருள்

முதல் கணினியில் கடைக்காரர் ஒருவர் ஏற்றிக்கொடுத்த திருட்டு விண்டோஸ் 10 இருந்தது. அதன் பூட்டை உடைக்கும் நிரலே புதுப்பிப்புகளையும் நிறுத்தி வைத்திருந்தது என்பதையும் பின்னால்தான் கண்டேன். அந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிய இருந்தது. 5600ஜி-யில் விண்டோஸ் 11 முறைப்படி ஓடும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி முதலான நிபந்தனைகள் எல்லாவற்றையும் அது நிறைவேற்றும். ஆனால் முறையான உரிமத்துக்குப் பிராசசரின் விலைக்கு நிகராகக் கொடுக்க வேண்டியிருந்தது. சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் எண்களை வாங்கிக் கொடுத்து, கணினி அறிவியல் படிக்கப் போகும் பெண்ணின் முதல் பாடமாக அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்; அதன் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. அவள் பட்டப்படிப்பு முடிவது 2028-இல். பைத்தான், ஜாவா, சி நிரல்மொழிகள், தரவுத்தளம் எல்லாமே அதன் களஞ்சியத்திலிருந்து பணம் கொடுக்காமல் இறங்குகின்றன. அதையே ஏற்றினேன், பழைய கணினியில் பிழைத்திருந்த 1 டிபி வட்டை மாட்டி, கணினியின் நிலையை வாரம் ஒருமுறை அதில் படியெடுத்து வைக்கும்படி டைம்ஷிப்ட் என்ற நிரலை அமைத்தேன்.

இதில் இழப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. முதல் மாதத்திலேயே வகுப்புத் தோழி அனுப்பிய தமிழ்ப் பாடக் குறிப்பு, திறந்ததும் தலைகால் புரியாத ஆங்கில எழுத்துக்களாக நின்றது. மருமகள் லினக்ஸைக் குறை சொன்னாள். அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது: ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த பழைய ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும், விண்டோஸிலும்கூட, அப்படித்தான் தெரியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுத்தேன். அதன் பிறகுதான் அவளுக்குத் தமிழ்99 கற்றுக்கொடுக்கத் தோன்றியது. 1999-இல் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை முறை அது; உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். கைப்பேசியில் 'அம்மா' என்பதற்கு ஆங்கில எழுத்துக்களைத் தேடிப் பழகியவள், மகரத்தை இரண்டு முறை அழுத்தினால் முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழுவதைக் கண்டு, "நம்ம இலக்கணத்த யாரோ உள்ள எழுதி வச்சிருக்காங்க மாமா" என்றாள். ஒரு வாரம் தடுமாறினாள். இப்போது என்னைவிட வேகமாகத் தட்டுகிறாள். மின்ட்டில் இதற்குத் தனி மென்பொருள் தேட வேண்டியதில்லை. உள்ளீட்டு முறைகளில் எம்17என் தொகுப்பை நிறுவித் தமிழ்99-ஐத் தேர்ந்தால் போதும்.

வேர்டுக்கு மாற்றான இலவச மென்பொருள் லிபரே ஆபிஸில் அவள் எழுதும் கோப்பைக் கல்லூரியில் வேர்டில் திறந்தால் சில நேரம் வரிகள் இடம் மாறுகின்றன. எழுத்துருவைக் கோப்பிலேயே பொதித்து அனுப்பினால் குறைகிறது, முழுவதும் தீரவில்லை. அச்சுக்குக் கொடுக்க வேண்டியவற்றை பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

வாடை அடங்கிய பிறகு, ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பக்கப் பலகையைக் கழற்றினேன். மேசை இப்போது கடல் சன்னலுக்குக் கீழே இல்லை. கூடத்தின் உட்சுவரோரம், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் கேபினட் நிற்கிறது. முன்வலையில் படிந்திருந்ததை மருமகள் கழுவிக் காயவைத்தாள். மதர்போர்டு சுத்தமாக இருந்தது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து ரேமைச் சுற்றி நெடுநேரம் பார்த்தேன், பச்சை எங்கும் இல்லை. பின்பக்கத்தில் மட்டும், பயன்படுத்தாத இரண்டு யுஎஸ்பி வாய்களின் உலோக விளிம்பில் பழுப்புப் புள்ளிகள் வந்திருந்தன. அவற்றுக்கு ரப்பர் மூடி வாங்கிப் போட வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். மச்சான் படகிலிருந்து கொண்டுவந்திருந்த கிரீஸில் ஒரு துளி எடுத்து, பலகையின் திருகுகளில் தடவி, திரும்ப முடுக்கினேன்.